தூக்கம் டிரைவரின் மூடாத கண்கள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு டெப்போவில் தூக்கம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிகூட ஒரு நிமிஷம் யோசிப்பார். "தூக்கம் வண்டி எடுத்தாச்சா?", "தூக்கம் இன்னிக்கு லீவா?" என்றுதான் அங்கே பேச்சு. பிறந்ததிலிருந்தே அவருக்கு இமைகள் பாதி இறங்கினபடி இருக்கும். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே மனிதர் தூங்கிவிட்டாரோ என்று சந்தேகம் வரும். பேருந்து ஓட்டுகிறவருக்கு வைக்கக் கூடாத பெயர்தான். ஆனால் அந்தப் பெயரை வைத்தவர்களே, அவர் வண்டி என்றால் தங்கள் வீட்டுப் பெண்டு பிள்ளைகளை நம்பி ஏற்றிவிடுவார்கள். நின்றுகொண்டு வருகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாயாமல் பிரேக் போடுவார். அவ்வளவுதான் அவருடைய பெருமை. அதைத் தாண்டி அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் வாஷிங் மிஷின் பழுது பார்க்கிறவன். அக்காவும் மாமாவும் முட்டிக்கொண்டால் பஞ்சாயத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டும். இவள் சொல்வதையும் கேட்டு, அவர் சொல்வதையும் கேட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு வர வேண்டும். யாருக்கும் தீர்ப்பு வேண்டியதில்லை. கேட்க ஒரு காது வேண்டும். அந்த வேலை எனக்கு எப்போதோ அலுத்துவிட்டது.

சண்டை எல்லாம் ஒரே விஷயத்தில்தான். எங்கள் அப்பா குடித்தே போனவர். அதைச் சொல்லி அழ எனக்கு விருப்பமில்லை. அவர் குடித்தார், நாங்கள் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டோம், ஒரு நாள் போய்ச் சேர்ந்தார். நான் சின்னவன், பாதியை மறந்துவிட்டேன். அக்கா எதையும் மறக்கவில்லை. மாப்பிள்ளை பார்த்தபோது அவள் கேட்டது ஒரே கேள்விதான். "குடிப்பாரா?" தொடமாட்டார், சிகரெட் மட்டும் உண்டு என்றார்கள். "அது இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். அவள் முகத்தில் அன்றைக்கு இருந்த நிம்மதியை நான் பார்த்தேன்.

அவர்கள் தெருவில் சிகரெட் விற்கிற பெட்டிக்கடை, மதுக்கடையோடு ஒட்டின சுவர். மாமா சிகரெட் வாங்கப் போனால் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்கா யோசித்து ஒரு ஏற்பாடு செய்தாள். மாமாவை அந்தப் பக்கமே விடாமல், காய்கறி வாங்கப் போகும்போது தானே பெரிய கடையில் சிகரெட்டும் வாங்கி வந்துவிடுவாள். சோப்பு, உப்பு, தீப்பெட்டி, ஒரு பாக்கெட் சிகரெட். அலமாரியில் டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு இடம். பாக்கெட் தீர்வதற்குள் அடுத்தது வந்து உட்கார்ந்திருக்கும். "என் பொண்டாட்டி மாதிரி யாருக்குக் கிடைக்கும்" என்று மாமா டெப்போவில் பெருமையடித்துக்கொள்வார். நானும் அவளைக் கெட்டிக்காரி என்றுதான் நினைத்தேன்.

டெப்போவில் காலையில் வண்டிச் சாவி வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு டிரைவரும் ஊத வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற மிஷின், அதன் தலையில் ஒரு சின்னக் குழாய். குடித்திருந்தால் எண் காட்டிக் கத்தும். இல்லையென்றால் சைபர். காவலாளி அதை நீட்டுவார், இவர் ஊதுவார், சாவி கைக்கு வரும். மாமாவுக்கு எப்போதும் சைபர்தான். முந்தின நாள் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்த டிரைவர்கள் வாயில் ஏலக்காயை அடக்கிக்கொண்டு தவிக்கும்போது, இவர் ஒரு கையால் பட்டன் போட்டுக்கொண்டே ஊதிவிட்டுப் போவார்.

பிறகு அவர் இளைக்க ஆரம்பித்தார். சாப்பாடு குறையவில்லை, இன்னும் கூடத்தான் சாப்பிட்டார். உடம்பு மட்டும் கரைந்தது. சட்டை தொளதொளத்தது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வேர்த்தது. டீக் கிளாஸைப் பிடித்தால் கை நடுங்கியது. சாதுவான மனிதர், ஒன்றுமில்லாததற்கெல்லாம் சீறினார். கண் சிவந்து, கீழே பை மாதிரி வீங்கியது. இதையெல்லாம் என் அக்கா ஏற்கெனவே ஒரு முறை பார்த்தவள்.

அவள் கண்கொத்திப் பாம்பாகிவிட்டாள். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையை வாங்கி மோந்து பார்ப்பாள். சாப்பாட்டுப் பையைத் துழாவுவாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பாள். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் என் எதிரிலேயே கேட்டார்.

"உங்கப்பாவைப் பாத்துப் பயந்தவ என்னை ஏன் மோந்து பாக்குற?"

"கை ஏன் நடுங்குதுன்னு சொல்லுங்க. அப்புறம் மோந்து பாக்கல."

"எனக்கே தெரிஞ்சாதானே சொல்ல. தினமும் ஊதிட்டுத்தான் வண்டி எடுக்கறேன். சைபர் காட்டுது. போய்க் கேட்டுக்கோ."

"மிஷினுக்கு என்ன தெரியும். எங்கப்பா ஊரையே ஏமாத்தினவரு."

அன்றைக்கு மாலையில் அலமாரியில் ஒன்றுக்கு இரண்டு பாக்கெட் இருந்தன. "மனசு ஒரு மாதிரி இருந்தா இதைப் பிடிங்க. அங்க மட்டும் போயிடாதீங்க" என்றாள். அவள் குரல் கெஞ்சியது. அவர் ஒன்றை எடுத்துப் பற்ற வைத்தார்.

டெப்போவில் வருஷத்துக்கு ஒரு முறை நடக்கிற உடல் பரிசோதனையில்தான் விஷயம் பிடிபட்டது. டாக்டர் அவர் கழுத்தைத் தடவிப் பார்த்து, நாடியைப் பிடித்து, ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு. கழுத்தில் இருக்கிற அந்தச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது, அதனால்தான் நடுக்கமும் வேர்வையும் படபடப்பும் என்றார். மாத்திரை கொடுத்தார். "கண்ணு ஏதாவது தொந்தரவு பண்ணுச்சுன்னா உடனே கண் டாக்டரைப் பாருங்க" என்றும் சொன்னாராம். மாமா அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. கண்ணில் கோளாறு என்று ஒரு டாக்டர் வாயால் வந்தால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று பயம்.

மாத்திரை வேலை செய்தது. நடுக்கம் நின்றது, உடம்பு தேறியது, ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி என்று வந்தது. அக்கா ஒரு பாட்டம் அழுதாள். சட்டையை மோப்பதை விட்டாள். எனக்கும் ஒரு வேலை குறைந்தது என்று இருந்தேன்.

ஆனால் கண் மட்டும் திரும்பவில்லை. அது நாளுக்கு நாள் வெளியே வந்தது. பாதி மூடின அந்தப் பழைய இமைகள் மேலே ஏறிக்கொண்டன. கருவிழிக்கு மேலேயும் வெள்ளை தெரிந்தது. சும்மா இருந்தாலும் யாரையோ முறைக்கிற மாதிரி இருக்கும். டெப்போவில் தூக்கம் போய் முட்டைக்கண்ணு வந்தது. அதற்கும் அவர் சிரித்துவைத்தார். பிறகு மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். டிரைவர் கண்ணாடி வழியாகத் தங்களையே முறைத்துப் பார்க்கிறார் என்று சில பெண்கள் புகார் கொடுத்திருந்தார்கள். அந்த வயதில், மகளுக்குக் கல்யாணம் செய்து அனுப்பிவிட்ட மனிதர், மேனேஜர் எதிரில் நின்று நான் யாரையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

தூங்கும்போது இமை முழுசாக மூடுவதும் நின்றுபோனது. இடையில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும். காலையில் கண்ணில் மணல் கொட்டின மாதிரி எரிகிறது என்பார். செக்கச்சிவந்திருக்கும். தூக்கம் என்று பேர் வாங்கின மனிதருக்குக் கண்ணை மூட முடியவில்லை. இந்த வேடிக்கையை யாரிடம் சொல்லிச் சிரிப்பது.

அக்காவுக்கு மறுபடியும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. என்னைக் கூப்பிட்டு அரைத்த மாவையே அரைத்தாள்.

"தைராய்டுதான் சரியாயிடுச்சே. டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. அப்ப கண்ணு மட்டும் ஏன் இப்படி இருக்கு? தலையை வேற அண்ணாந்து அண்ணாந்து பாக்குறாரு. எங்கப்பா போதையில இப்படித்தான் பாப்பாரு."

"அக்கா, அவரு குடிக்கல. நானே பாத்துட்டுத்தானே இருக்கேன்."

"நீ ஆம்பளைங்க பக்கம்தான் பேசுவ. டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பு."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதன் செய்யாத தப்புக்கு எத்தனை காலம்தான் சட்டையைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பான். கிளம்பும்போது அலமாரியைப் பார்த்தேன். டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் புதுப் பாக்கெட் உட்கார்ந்திருந்தது.

அவர் தலையை அண்ணாந்து பார்த்ததற்குக் காரணம் பிற்பாடுதான் தெரிந்தது. நேராகப் பார்த்தால் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரிந்தது. ஒன்றுக்கு மேல் ஒன்று. முகவாயைத் தூக்கிக்கொண்டால் இரண்டும் கொஞ்சம் நெருங்கி வரும். வண்டியில் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு சமாளித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டியரிங் போய்விடும். அதை விட்டால் தனக்கு வேறு ஒன்றும் தெரியாது என்று அவர் உறுதியாக நம்பினார். குடிகாரன் என்று நினைத்துவிட்டுப் போகட்டும், அதற்காவது மிஷின் இருக்கிறது, தினமும் சைபர் காட்டித் தப்பித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாராம். இதை அவரே என்னிடம் சொன்னார்.

ஒரு மாலை, கூட்ட நேரம். நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண் வண்டி பிடிக்கக் கைக்குழந்தையோடு சாலையில் இறங்கினாள். மாமாவுக்கு இரண்டு பெண்கள், இரண்டு குழந்தைகள். எது நிஜம் என்று முடிவு செய்வதற்குள் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி குலுங்கி நின்றது. உள்ளே எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறி வந்து உட்கார்ந்தாள். உள்ளே இருந்து யாரோ, "ஓவரா ஏத்திட்டாரு போல" என்றார்கள். மாமா மீதி வழியை ஒற்றைக் கண்ணால் ஓட்டி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

மறுநாள் காலை வாசலில் காவலாளி மிஷினை நீட்டினார். மாமா வாயைக் கொண்டுபோனார். குழாய் அங்கே இல்லை. இரண்டு விரல் தள்ளிக் காற்றில் ஊதினார். காவலாளி சிரித்துவிட்டார்.

"என்ன முட்டைக்கண்ணு, காலையிலேயேவா?"

மாமா கையால் குழாயைத் தடவிப் பிடித்து, வாயில் வைத்து ஊதினார். சைபர். காவலாளி சாவியை எடுத்துக் கொடுத்தார். மாமா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மேஜைமேல் திரும்ப வைத்தார்.

"என்னால முடியாது. எனக்கு ரோடு ரெண்டா தெரியுது."

அந்த வாசலில் இதற்கு முன் சாவியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் யார், எதற்குக் கொடுத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ரோடு ரெண்டா தெரிகிறது என்றால் அங்கே ஒரு அர்த்தம்தான். மிஷின் சைபர் காட்டியதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. மிஷின் பழசு என்றார்கள். மாமா நடந்து வீடு போய்ச் சேர்வதற்குள் அவர் வண்டிக் கண்டக்டரின் மனைவி அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க, அண்ணன் இன்னிக்குத் தண்ணியில டூட்டிக்கு வந்துட்டாராம்."

நான் போய்ச் சேர்ந்தபோது மாமா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். அக்கா சமையல்கட்டு வாசலில் நின்றாள். சண்டை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"மாப்ள, நீயாவது நம்பு. எனக்கு இப்ப நீ ரெண்டு பேரா தெரியற" என்றார் மாமா. அந்த நிலையிலும், "ஒருத்தனையே தாங்க முடியாது" என்று சேர்த்துக்கொண்டார்.

ஆட்டோ பிடித்துப் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவும் ஏறிக்கொண்டாள். நம்பி வரவில்லை. "டாக்டர் வாயாலயே கேட்டுடறேன். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சுடணும்" என்றாள்.

அங்கே டாக்டர் ஒரு அம்மாள். ராத்திரி டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாதவர் மாதிரி சோர்ந்திருந்தார். அளவுகோல் மாதிரி ஒன்றைக் கன்னத்து எலும்பில் வைத்துக் கண் எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று பார்த்தார். தலையை அசைக்காமல் மேலே பார்க்கச் சொன்னார். மாமாவின் கண் பாதியில் நின்றுவிட்டது. மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகக் காட்டினார். வலது கண்ணுக்கு அது சிவப்பு. இடது கண்ணுக்கு, "துவைச்சுத் துவைச்சு வெளுத்த மாதிரி இருக்கு" என்றார் மாமா. டாக்டரின் முகம் மாறியது.

"இன்னிக்கே படுக்கையில சேந்துடுங்க. கண்ணுக்குப் பின்னாடி நரம்பு அழுந்த ஆரம்பிச்சிருக்கு. விட்டா இந்தக் கண்ணுல பார்வையே போயிடும்."

அக்கா முன்னால் வந்தாள். "தைராய்டு சரியாப் போச்சுன்னு சொன்னாங்களே."

"ரத்தத்துல சரியாயிருக்கும்மா. ஆனா இது சுரப்பியோட நிக்கிற வியாதி இல்ல. கிருமியை அடிக்கறதுக்குன்னு உடம்புல ஒரு காவல் இருக்கு. அது ஆள் தெரியாம சொந்த உடம்பையே அடிக்குது. முதல்ல கழுத்துல அடிச்சுது. கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற தசையையும் அடிக்குது. தசை வீங்குது, கண்ணை வெளிய தள்ளுது. ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் திரும்ப மாட்டேங்குது, அதான் ரெண்டா தெரியுது. தைராய்டு அடங்கினாலும் கண்ணு தன் பாட்டுக்கு மோசமாகலாம்."

அக்கா விட்டபாடில்லை. "குடிச்சா இப்படி ஆகுமா டாக்டர்? என் மேல சத்தியமா உண்மையைச் சொல்லுங்க."

டாக்டர் அவளை ஒரு தரம் பார்த்தார். "குடிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இவர் குடிக்கிறவர்னு யார் சொன்னா?" பிறகு மாமாவிடம் திரும்பிக் கேட்டார். "சிகரெட் உண்டா?"

மாமா அக்கா பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன்.

"உண்டு" என்றாள் அக்கா.

"இந்தக் கண்ணுக்கு அதுதான் விரோதி. சிகரெட் பிடிக்கிறவங்களுக்குத்தான் இது இவ்வளவு தூரம் முத்தும். நாங்க குடுக்கிற மருந்தும் சரியா வேலை செய்யாது. எத்தனையோ பேர்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. வீட்ல யாராவது முன்னாடியே நிறுத்தியிருக்கலாமேம்மா."

காலையில் காய்கறி வாங்கிய பையோடுதான் அக்கா ஆட்டோவில் ஏறியிருந்தாள். அந்தப் பையை மடியில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும்.

வராந்தாவில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. "நான்தான் வாங்கிக் குடுத்தேன். என் கையால வாங்கிக் குடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. அப்பா செத்து இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா அவள் இருக்கிற திசையில் கையை நீட்டினார். முதல் தடவை கை தவறியது. பிறகு தோளைப் பிடித்தார்.

"வாங்கினது நீ. பத்த வெச்சது நான். விடு."

மருந்து ஏற்றினார்கள். முதலில் ஆஸ்பத்திரியிலேயே, பிறகு வாரம் ஒரு தடவை போய்ப் படுத்து. முகம் ஊதியது, தூக்கம் இன்னும் கெட்டது. சிகரெட்டை விட்ட மனிதர் பாத்திரம் விழுகிற சத்தத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார். சொட்டு மருந்து, களிம்பு, தலைக்கு உயரமாக இரண்டு தலையணை. படுக்கப் போகும்போது அக்கா அவருடைய இமைகளை மெல்ல இழுத்து மூடி, மேலே காகிதப் பட்டை ஒட்டுவாள். இடது கண்ணின் பார்வை தப்பித்தது. இரண்டாகத் தெரிவது போகவில்லை. வீக்கம் முழுசாக அடங்கட்டும், அப்புறம் ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம், ஆனால் பஸ் ஓட்டுகிற வேலையை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுவிட்டு மாமா வழியெல்லாம் ஆட்டோக்காரரின் பிரேக்கைத் திட்டிக்கொண்டே வந்தார்.

டெப்போவில் வீட்டுக்கு அனுப்பவில்லை. சாவியைத் தானே திருப்பிக் கொடுத்த ஆள் என்று மேனேஜருக்கு மனசில் பட்டிருக்கிறது. வாசல் வேலையில் போட்டார்கள். இரண்டாகத் தெரியாமலிருக்க மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கத்தை வெள்ளைத் தாளால் மறைத்துக்கொண்டு, இப்போது மாமாதான் ஊதுகிற மிஷினை வைத்திருக்கிறார். வருகிற டிரைவர்கள் வாய்க்கு நேராகப் பிடித்து, எண்ணைப் பார்த்து, சாவி கொடுப்பார். வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியே போகும். கடைசி வண்டி திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே இருப்பார்.

போன வாரம் அவர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். அக்காவை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு நான்தான் போனேன். டிபன் டப்பாவை வைத்துவிட்டு அவள் அந்த மிஷினைக் கையில் எடுத்தாள். இத்தனை வருஷத்தில் அப்போதுதான் முதல் முறையாக அதைப் பார்க்கிறாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது சரியா சொல்லுமா?"

"சொல்லும். எனக்குத் தினமும் சரியாத்தான் சொல்லுச்சு" என்றார் மாமா.

அவள் மிஷினை மேஜைமேல் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சிகரெட்டுக்கு இப்படி ஒரு மிஷின் இல்லையாங்க?"

"இருந்திருந்தா அன்னிக்கே ரெண்டு பேரும் மாட்டியிருப்போம்" என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. வரிசையில் அடுத்த டிரைவர் வந்து நின்றார். மாமா மிஷினை எடுத்து நீட்டினார். அது டிரைவர் வாயை எட்டுவதற்குள் அக்கா அவர் கையைப் பிடித்து, குழாயை வாய்க்கு நேராகத் திருப்பிக் கொடுத்தாள்.